யாரும் தொடாமலே கிழியும் ஜவ்வு

களமும் காயமும் – 9

2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக். பெண்கள் ஒற்றையர் பேட்மின்டன் அரையிறுதி. ஸ்பெயினின் கரோலினா மாரின், சீனாவின் ஹே பிங்ஜியாவோவிடமிருந்து முதல் கேமை 21-14 என்று எடுத்துவிட்டார். இரண்டாவது கேமிலும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. ஷட்டிலை எடுக்கப் போய் வலது காலை ஊன்றியவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு எழுந்து ஆடிப் பார்த்தார். முடியவில்லை. ஆடுகளத்திலேயே உடைந்து அழுதார். 2016 ரியோ இறுதிப் போட்டியில் நம் பி.வி.சிந்துவை வென்று தங்கம் வாங்கியவர் அவர். அந்த அழுகையை டி.வி.யில் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

அவருக்கு அது மூன்றாவது அடி. 2019 ஜனவரியில் இந்தோனேசியா மாஸ்டர்ஸ் இறுதிப் போட்டியில் சாய்னா நேவாலுடன் ஆடும்போது வலது முட்டி போனது. 2021இல், டோக்கியோ ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இடது முட்டி. பாரிஸில் மறுபடியும் வலது. மூன்று தடவையும் கிழிந்தது ஒரே ஜவ்வு. பேட்மின்டனில் எதிராளி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். இடிக்கவோ தள்ளவோ ஆள் கிடையாது. அப்படியும் கிழிகிறது.

போன வாரம் கணுக்கால் சுளுக்கைப் பார்த்தோம். இந்த வாரம் முட்டிக்குள் இருக்கும் இந்த ஜவ்வு. மருத்துவமனையில் ஏ.சி.எல். என்பார்கள். எல்லா வசதியும் இருக்கும் ஒரு உலக சாம்பியனுக்கே இந்தக் கதி என்றால், ஊர்ப் பள்ளியில் கபடி ஆடும் பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்பீர்கள். நூற்றுக்கு நூறு காப்பாற்ற முடியாது. ஆனால் கிழியும் வாய்ப்பைப் பெருமளவு குறைக்க முடியும். அதற்குப் பணம் வேண்டாம், மெஷின் வேண்டாம். இன்று நான் சொல்ல வந்த சேதி அதுதான்.

ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கு

தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் முட்டியின் நட்டநடுவில் குறுக்காகப் பிணைத்திருப்பது ஏ.சி.எல். நீளம் சுமார் மூன்று சென்டிமீட்டர். அதற்கு இரண்டு வேலை. கீழ்க்கால் எலும்பு முன்பக்கமாக நழுவாமல் பிடிப்பது ஒன்று. முட்டி முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பது மற்றொன்று. நேராக நடக்கும்போதும் சைக்கிள் மிதிக்கும்போதும் அதற்குப் பெரிய சிரமம் இல்லை. ஓடுகிற ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதும், எம்பிக் குதித்து ஒற்றைக் காலில் இறங்கும்போதும்தான் பாரம் அதன்மேல் ஏறுகிறது. அதனால்தான் கபடி, கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து, பேட்மின்டன் ஆடுகிறவர்களிடம் இந்தக் காயம் அதிகம்.

ஏ.சி.எல். கிழிந்து வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு, யாரும் முட்டியில் வந்து மோதாமலே கிழிந்திருக்கும். கபடியில் பிடித்து இழுப்பதிலும் மேலே விழுவதிலும் கிழிவதுண்டு. ஆனால் தானாகக் கிழிவதும் அங்கே ஏராளம். ரெய்டு போன பெண் கையை நீட்டித் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்புகிறாள். பாதம் தரையில் பதிந்து நின்றுவிட்டது, உடம்போ திரும்பிவிட்டது. மடங்கியிருக்க வேண்டிய முட்டி ஏறக்குறைய நேராக விறைத்து நிற்கிறது. அந்த நிலையிலேயே அது உள்பக்கமாகச் சரிகிறது. முடிந்தது.

இப்படிக் காயம்பட்டவர்களின் ஆட்ட வீடியோக்களைப் பல கோணங்களில் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். பாதம் தரையைத் தொட்டதிலிருந்து ஜவ்வு கிழிய ஆகும் நேரம் சுமார் 40 மில்லி விநாடி. ஒரு நொடியில் 25இல் ஒரு பங்கு. முட்டி சரிகிறது என்று மூளைக்குத் தெரிந்து, அது தசையை இறுக்கிக் காப்பாற்ற அந்த நேரம் போதவே போதாது. 'பார்த்து ஆடு' என்று ஓரத்தில் நின்று கத்துவதால் பயன் இல்லாததற்குக் காரணம் இதுதான். காலை எப்படி ஊன்றுவது என்பது, ஊன்றும் முன்பே உடம்பில் ஊறியிருக்க வேண்டும். பழக்கத்தால் மட்டுமே அது வரும்.

தரைக்கும் இதில் பங்கு உண்டு. நம் பிள்ளைகள் ஊரில் வெறுங்காலோடு மண்ணில் கபடி பழகுகிறார்கள். மண்ணில் பாதம் கொஞ்சம் வழுக்கிக் கொடுக்கும். மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும்போது ஷூ மாட்டிக்கொண்டு மேட் விரிப்பில் இறங்குகிறார்கள். அங்கே பாதம் பிடித்துக்கொள்கிறது. நார்வேயில் ஹேண்ட்பால் ஆடும் பெண்களைக் கவனித்தபோது, மரத் தரையைவிடப் பிடிப்பு அதிகமுள்ள செயற்கைத் தரையில் அவர்களுக்கு இந்த ஜவ்வு அதிகம் கிழிவது தெரியவந்தது. போட்டிக்கு முதல் நாள்தான் மேட்டைக் கண்ணால் பார்க்கிற அணிகள் இங்கே உண்டு. இரண்டு வாரம் முன்பாவது, மேட் இருக்கும் பள்ளியிலோ கல்லூரியிலோ கேட்டு, அங்கே கொண்டுபோய்ப் பழக்குங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஏன் அதிகம்?

ஒரே விளையாட்டை ஆடும் பையன்களையும் பெண்களையும் ஒப்பிட்டால், பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. வயதுக்கு வந்த பிறகு இந்த வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கிறது. இடுப்பு எலும்பின் அமைப்பு, ஹார்மோன் என்று பல காரணங்களைப் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. அவற்றை நாம் மாற்ற முடியாது. மாற்றக்கூடியது ஒன்று உண்டு. பையன்களுக்குத் தண்டால், பஸ்கி, ஜிம் எல்லாம் சின்ன வயதிலேயே கிடைத்துவிடுகின்றன. பெண் பிள்ளைகளுக்கு நேராக ஆட்டம்தான். தொடையின் பின்தசையும் பிட்டத் தசையும் வலுவாக இருந்தால் இறங்கும்போது முட்டியை உள்ளே சரிய விடாமல் அவை பிடித்துக்கொள்ளும். அந்தத் தசைகளை வளர்க்க நாம் நேரமே ஒதுக்குவதில்லை. பெண் என்பதால் கிழிகிறது என்று சொல்லிக் கைகழுவுவது அநியாயம். தர வேண்டிய பயிற்சியைத் தராமல் களத்தில் இறக்கிவிடுகிறோம் என்பதுதான் உண்மை.

'எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னாங்களே?'

என்னிடம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். 'டப்புன்னு உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு.' அடுத்த ஓரிரு மணி நேரத்தில் முட்டி வீங்கிவிட்டது. ஜவ்வு கிழிந்து மூட்டுக்குள் ரத்தம் கட்டியதால் வந்த வீக்கம் அது. களத்தில் ஸ்ப்ரே அடித்தார்கள். ஊருக்கு வந்ததும் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்தார்கள். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது என்று வலி மாத்திரையோடு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. நடக்க முடிந்தது. மறுபடி களத்தில் இறங்கி, திரும்புகிற முதல் திருப்பத்திலேயே முட்டி கழன்றுபோனது போல் விழுந்தார்கள்.

ஒரு பிளஸ் ஒன் மாணவி இப்படித்தான் வந்தாள். மாநிலப் போட்டிக்குத் தேர்வானவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிச் சீட்டு கிடைக்கும் என்று குடும்பமே நம்பியிருந்தது. அப்பா எக்ஸ்ரே உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னுதான சொன்னாங்க டாக்டர்?"

"எக்ஸ்ரே எலும்பைத்தாங்க காட்டும். ஜவ்வு அதுல தெரியாது. கையால பார்த்துச் சொல்றேன், இருங்க."

இந்தக் கைச் சோதனையைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பிலடெல்பியாவைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஜான் லாக்மன் பெயரில் வழங்கும் சோதனை இது. 1976இல் அவருடைய மாணவர் எழுதிய கட்டுரை மூலம் உலகத்துக்குத் தெரிந்தது. படுக்க வைத்து, முட்டியை 20, 30 டிகிரி அளவு மட்டும் மடக்குவோம். ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலை முன்பக்கமாக இழுப்போம். எப்போதும் நல்ல காலில்தான் முதலில் செய்வோம், ஒப்பிடுவதற்காக. அங்கே எலும்பு துளி முன்னால் வந்து, கெட்டியாக ஒரு இடத்தில் நின்றுவிடும். அந்த நிற்றல் கைக்கு நன்றாகத் தெரியும். அடிபட்ட காலில் இழுத்தால் எலும்பு வந்துகொண்டே இருக்கும். நிற்கிற இடம் கைக்குத் தட்டுப்படாது. அந்தப் பெண்ணுக்கு அப்படித்தான் இருந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதை உறுதி செய்தது. கூடவே இன்னொன்றையும் காட்டியது. இரண்டு எலும்புகளுக்கும் இடையில் அதிர்ச்சி தாங்கும் பிறை வடிவத் தகடான மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. இரண்டாவது முறை இறங்கி ஆடி விழுந்ததன் விலையாக அது இருக்கலாம் என்று அவர்களிடம் சொன்னேன்.

முதல் நாளே சந்தேகப்பட்டிருந்தால் போதும். முட்டிக்குள் சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் வீங்கினால், ஸ்கேன் எடுத்துப் பார்க்கும்வரை அதை ஜவ்வுக் கிழிசல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வையுங்கள். கிரேப் பேண்டேஜ் சுற்றிக் காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாளைக்கு எண்ணெய் போட்டு வழிப்பது, சூட்டு ஒத்தடம் எதுவும் கூடாது. வலியும் வீக்கமும் அதிகமாக இருக்கும்போது கைச் சோதனை பிடிபடாமல் போகலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி காட்டுங்கள். மாவுக்கட்டுப் போட்டு வாரக்கணக்கில் படுக்க வைக்காதீர்கள். பத்தே நாளில் தொடைத் தசை கண்ணுக்குத் தெரிய வற்றிவிடும். அதை மீட்டெடுக்க மாதங்கள் ஆகும்.

ஆபரேஷன் கட்டாயமா?

அந்த அப்பாவின் அடுத்த கேள்வி இதுதான். எல்லாப் பெற்றோரும் கேட்கிற கேள்வி.

"ஆபரேஷன் இல்லாம சரி பண்ண முடியாதுங்களா?"

சிலருக்கு முடியும். சுவீடனில் இளம் வயதினர் 121 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2010இல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன். மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, முட்டி நிலையில்லாமல் போனால் மட்டும் பிறகு ஆபரேஷன். இரண்டு ஆண்டு முடிவில் இரு பிரிவினரின் முட்டியும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. பயிற்சியில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதுவரை ஆபரேஷனே தேவைப்படவில்லை. ஆகவே, ஸ்கேனில் கிழிசல் தெரிந்த மறுநாளே தியேட்டருக்குள் ஓட வேண்டியதில்லை. நேர் ஓட்டம், நீச்சல், சைக்கிள், அலுவலக வாழ்க்கை என்று இருப்பவர்கள் நல்ல பிசியோவிடம் மூன்று மாதம் உழைத்துப் பார்க்கலாம்.

கபடிக்கோ கால்பந்துக்கோ திரும்ப விரும்பும் இளம் ஆட்டக்காரர் என்றால், பெரும்பாலும் ஆபரேஷனைத்தான் சொல்வோம். திரும்பத் திரும்ப முட்டி நழுவினால் மெனிஸ்கஸ் போகும். அதோடு மூட்டுத் தேய்மானமும் சீக்கிரம் வரும். ஏ.சி.எல். கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பத்து, இருபது ஆண்டுகளில் தேய்மானம் வந்துவிடுகிறது. பதினாறு வயதில் அடிபட்டவளுக்கு முப்பது வயதிலேயே மாடிப்படி ஏற வலிக்கலாம் என்று பொருள். அப்போதும் அவசரம் வேண்டாம். மெனிஸ்கஸ் மடங்கி முட்டி பூட்டிக்கொண்டது போன்ற சில நிலைகள் தவிர, வீக்கம் வடிந்து, முட்டி முழுதாக நீட்ட வந்த பிறகு செய்வதே நல்லது. வளர்ச்சி முடியாத சிறுவர்களுக்கு எலும்பின் வளர்தட்டைக் காப்பாற்ற வேண்டும் என்பதால், அதில் பழகிய மருத்துவரிடம் போங்கள்.

கிழிந்த ஜவ்வை அப்படியே தைத்துவிடுவதில்லை. உங்கள் காலிலிருந்தே ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளையிட்டு, பழைய ஜவ்வு இருந்த இடத்தில் பொருத்துவோம். தொடையின் பின்தசை நார், முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் நார், முன்தொடைத் தசையின் நார் என்று மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து எடுப்பது வழக்கம். புதிதாக வைத்த அந்த நார், வயலில் நட்ட நாற்று மாதிரி. நட்டவுடன் துவளும், பிறகு வேர் விட்டுப் பச்சை பிடிக்கும். ஆபரேஷன் முடிந்து ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரைதான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். ஆனால் வலி போய், வீக்கம் போய், 'நல்லாயிடுச்சு' என்று தோன்றுவதும் அதே வாரங்களில்தான். பிள்ளைகள் ஏமாறுகிற இடம் அது.

காலண்டர் சொல்லாது, கால்தான் சொல்லும்

"எப்ப டாக்டர் ஆடலாம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். பதில் சொல்லக் கடினமான கேள்வி இது. ஆறு மாதம் என்று பலர் சொல்கிறார்கள். ஆறு மாதம் போதாது. நார்வேயிலும் அமெரிக்காவிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்களை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்பது மாதம்வரை, களத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தின் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலின் வலுவையும் தாவும் திறனையும் சோதித்து, எல்லாவற்றிலும் தேறிய பிறகு திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி முட்டி அடிபட்டது. தேறாமலே போய் ஆடியவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு அடிபட்டது.

அந்தச் சோதனைகள் எளிமையானவை. முன்தொடைத் தசையின் வலு, நல்ல காலின் வலுவில் 90 சதவீதமாவது வர வேண்டும். ஒற்றைக் காலில் ஒரு தாவு, மூன்று தாவு, குறுக்கும் நெடுக்குமாகத் தாவு என்று அளப்போம். அதிலும் 90 சதவீதம் வேண்டும். மனசும் தயாராக இருக்கிறதா என்று கேட்போம். திரும்பும்போது ஒரு கணம் தயங்கினாலும் உடம்பு தப்பாக இறங்கும். ஒன்பது மாதமும் ஆக வேண்டும், சோதனையிலும் தேற வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. இந்தக் காயத்துக்குப் பின் களத்துக்குத் திரும்பும் 25 வயதுக்கு உட்பட்டவர்களில், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே காலிலோ அடுத்த காலிலோ இரண்டாவது தடவை கிழிகிறது. அடுத்த மாநிலப் போட்டிக்காக ஒரு பிள்ளையை ஆறாவது மாதம் இறக்கிவிடும் பயிற்சியாளர், அந்தப் பிள்ளையின் இருபது வருட நடையைப் பணயம் வைக்கிறார். அந்த உரிமை யாருக்கும் கிடையாது, பெற்றோருக்கும்கூட.

ஆடும் முன் இருபது நிமிடம்

இனி வராமல் தடுப்பதைப் பார்ப்போம். ஹேண்ட்பால் ஆடும் 15 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 1,837 பேரை வைத்து, நார்வேயில் ஒரு சீசன் முழுக்கச் சோதித்தார்கள். பாதிக் கிளப்புகளுக்கு, பயிற்சியின் தொடக்கத்தில் 15, 20 நிமிட வார்ம்அப் கற்றுக்கொடுத்தார்கள். முட்டி, கணுக்கால் காயங்கள் அவர்களிடம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய '11 பிளஸ்' என்ற வார்ம்அப்பும் இதே வழியில் வந்தது. அதில் 15 பயிற்சிகள், 20 நிமிடம். நார்வேயின் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் காயங்களில் மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்களில் ஏறக்குறைய பாதியும் குறைந்தன. ஒழுங்காகச் செய்த அணிகளுக்குப் பலன் இன்னும் அதிகம்.

நம் பள்ளி மைதானத்தில் செய்வதற்கு ஏற்றபடி சொல்கிறேன். முதல் எட்டு நிமிடம் மெதுவான ஓட்டம்: நேராக, பக்கவாட்டில், பின்னோக்கி, திரும்பித் திரும்பி. அடுத்த பத்து நிமிடம்தான் முக்கியம். முழங்கையை ஊன்றிப் பலகை போல் உடம்பை நிறுத்துவது. ஒற்றைக் காலில் நிற்க வைத்து, கூட்டாளி லேசாகத் தள்ள, விழாமல் சமாளிப்பது. பஸ்கி. பிறகு பின்தொடைக்கு: மண்டியிட்டு நிற்க, கூட்டாளி இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடிக்க, உடம்பை வளைக்காமல் முன்பக்கமாக மெல்லச் சாய்ந்து, முடிந்தவரை தாக்குப்பிடிப்பது. முதலில் மூன்று தடவை போதும், வாரம் போகப் போகக் கூட்டலாம். கடைசியாகக் குதித்து இறங்குவது. மிச்சமிருக்கும் இரண்டு நிமிடம் வேகமான ஓட்டம், சட்டென்று திரும்புவது.

குதித்து இறங்குவதைப் பயிற்சியாளர் எதிரில் நின்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டியவை மூன்று. இறங்கும்போது முட்டியும் இடுப்பும் மடங்குகின்றனவா? முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக நிற்கிறதா, இல்லை இரண்டு முட்டியும் ஒன்றையொன்று பார்த்துச் சரிகின்றனவா? இறங்கும் சத்தம் எப்படி இருக்கிறது? தொம்மென்று சத்தம் கேட்டால், பாரம் தசைக்குப் போகாமல் மூட்டுக்குப் போகிறது. செல்போனில் வீடியோ எடுத்து, மெதுவாக ஓட்டி, அந்தப் பிள்ளைக்கே காட்டுங்கள். 'முட்டி உள்ள போகுது பாரு, வெளிய வெச்சு இறங்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த குதிப்பிலேயே பல பிள்ளைகள் மாற்றிக்கொள்வார்கள். அது பழக்கமாக ஊறச் சில வாரங்கள் ஆகும்.

வாரம் இரண்டு தடவையாவது, சீசன் முழுக்க, போட்டி நாளிலும் விடாமல் செய்ய வேண்டும். 'நேரம் இல்லை சார்' என்பது பி.இ.டி. ஆசிரியர்கள் சொல்லும் குறை. அவர்கள் மேல் தப்பில்லை. ஒரு ஆசிரியர், பல விளையாட்டு, குறுகிய மைதானம். ஆனால் மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டு வார்ம்அப்பை முடிக்கும் அதே நேரத்தில் இதைச் செய்துவிடலாம்.

குறுவட்டப் போட்டிகளிலிருந்து முதலமைச்சர் கோப்பைவரை ஆயிரக்கணக்கான பிள்ளைகளை நாம் களத்தில் இறக்குகிறோம். அவர்களில் பலருக்குக் கால்தான் மூலதனம். ஜெயித்தால் சீட்டு, வேலை, வீட்டுக்கு ஒரு நிமிர்வு. அடிபட்டால் அதைத் தாங்க அந்த வீட்டில் பணமும் இல்லை, வழி சொல்ல ஆளும் இல்லை. அதனால் மூன்று விஷயங்களை இன்றிலிருந்தே செய்யலாம். அணியில் பிள்ளையைச் சேர்க்கும்போது, குதித்து இறங்கக் கற்றுத்தருகிறீர்களா என்று பெற்றோர் கேட்க வேண்டும். போட்டி நடத்துகிறவர்கள், ஆட்டம் தொடங்கும் முன் அணிகளுக்கு மேட்டில் இருபது நிமிடம் ஒதுக்க வேண்டும். ஏ.சி.எல். ஆபரேஷன் முடித்து வரும் பிள்ளை, சோதனையில் தேறியதாக மருத்துவர் எழுத்தில் கொடுக்கும்வரை, எந்த அணியும் அவளைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

*அடுத்த வாரம்: வேகப்பந்து வீசும் பதினைந்து வயதுப் பையனின் முதுகெலும்பில் விழும் விரிசல்.*